மணி போய்ச் சேர்ந்த வீடு

என் கணவருக்கு ஏலத்தோட்டத்தில் வேலை. வாரம் ஒருமுறைதான் மலையிலிருந்து போடிக்கு இறங்கி வருவார். மற்ற நாட்களில் எனக்குத் துணை, ஐந்து வருடமாக வளர்த்த பூனை மணிதான்.

போன மழைக்காலத்தில் அவர் தோட்டத்திலிருந்து இரண்டு குட்டிகளை ஜீப்பில் கொண்டுவந்தார். மூன்றுக்கும் ஒரே தட்டில் பால்சோறு வைத்தேன். மணி சீறி, ஒரு குட்டியின் மூக்கைக் கீறிவிட்டாள்.

"பெரியவ நீ, விட்டுக் குடுக்க மாட்டியா?" என்று விளக்குமாற்றால் அடித்துவிட்டேன். அன்று வெளியே போனவள் திரும்பவில்லை.

பல நாள் தேடினேன். கடைசியில் பின்தெருவில் ஒரு வீட்டு ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டுப் பெண், "ஒங்க பூனையாக்கா? தூக்கிட்டுப் போங்க" என்றாள்.

"மணி, வா ஆத்தா" என்று கை நீட்டினேன். என்னையே பார்த்தாள். பிறகு கீழே குதித்து, அந்தப் பெண்ணின் காலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"இங்கனயே இருக்கட்டும் தாயி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த மாதம் இன்னொரு குட்டி வந்தது. முதலில் அதைத் தனி அறையில் வைத்தேன். இப்போது மூன்றுக்கும் தனித்தனித் தட்டு. மூத்தவை சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் அதற்கு வைக்கிறேன். உறுமினால் அடிப்பதில்லை, நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

மண்ணெண்ணெய் வாங்கப் போகும்போது, சுற்று என்றாலும் பின்தெரு வழியாகத்தான் போகிறேன். மணியைக் கூப்பிடுவதில்லை. அந்த வீட்டருகே கொஞ்சம் மெதுவாக நடக்கிறேன், அவ்வளவுதான்.