விடியும் என்றவர் வீட்டுக் குழாய்

காலையில் தேர்தல் வேன் எங்கள் சந்துக்குள் வந்தது. ஒலிபெருக்கியின் கரகரப்பைக் கேட்டதும், மெர்டேக்காவுக்கு, அதாவது நாட்டு விடுதலைக்கு, முந்தின எங்கள் காஜா பெராங் வட்டாரம் நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது எங்கள் வரிசை வீடுகளுக்குக் குழாய் கிடையாது. அம்மாவும் நானும் ரோட்டைத் தாண்டிப் போய்த் தண்ணீர் தூக்குவோம். என் பாவாடை எப்போதும் ஈரமாகவே இருக்கும்.

ஒரு சாயங்காலம் வேட்பாளர் வந்தார். அத்தர் வாசனை, வெண்கலக் குரல். "வீட்டுக்கு வீடு குழாய் வரும்! நம் வாழ்வு விடியும்!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அம்மா தட்டவில்லை.

பக்கத்து வீட்டுச் சிட்டி அக்காவுக்குத் தமிழ் வராது. வேட்பாளர் என்ன சொல்றார் என்று அம்மாவிடம் மலாயில் கேட்டார். 'விடியும்' என்பதை எப்படிச் சொல்வதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. "பைப், ஏசோக் பாகி" என்றார். பைப், நாளைக் காலையில் என்று அர்த்தம்.

மறுநாள் விடியும்போதே அக்கா வாளியோடு வந்து நின்றார். "மானா பைப்?"

பைப் எங்கே என்று கேட்டதும் அம்மா முதலில் சிரித்தார். பிறகு தன் வாளியையும் எடுத்தார். "வா, சொன்னவரையே கேப்போம்."

வரிசைப் பெண்கள் எல்லாரும் கூடவே நடந்தார்கள். வேட்பாளர் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"அது மேடைப் பேச்சும்மா."

"மேடைக்குத் தண்ணி வேணாம் ஐயா, எங்களுக்குத்தான் வேணும். உங்க வீட்டுக் குழாயைத் திறந்து விடுங்க."

திறந்தார். எங்கள் வரிசைக்குக் குழாய் போடும்வரை தினமும் அங்கேதான் பிடித்தோம்.

இன்றைக்கு வேனிலிருந்து இறங்கிய பையன் தாளை நீட்டினான். "இந்த வாட்டி மாற்றம் நிச்சயம், பாட்டி."

"சரி தம்பி. உங்க வேட்பாளர் வீடு எங்கே, அதைச் சொல்லு" என்றேன்.