பயணத் தாளின் பின்பக்கம்

ஒரு வரி யாருக்குச் சொந்தம்? எழுதியவளுக்கா, பாடியவனுக்கா, அந்த வரியில் உள்ளபடியே செத்துப்போனவனின் தாய்க்கா? மெம்பிஸ் நகரப் பேருந்தை இருபத்திரண்டு வருடம் ஓட்டிய லாவெர்ன் பெட்டிக்ரு, இப்படியொரு கேள்வி தன்னைத் தேடி வருமென்று நினைத்ததில்லை.

அவள் பெரிய பாட்டுக்காரி அல்ல. எழுதியதில் பாதி சாதாரணம். ஆனால் ஒரு தாளம் எத்தனை சொல்லைத் தாங்கும் என்பது அவளுக்குத் தன் வண்டியின் எஞ்சின் சத்தம்போலத் தெரியும். கடைசி நிறுத்தத்தில் கிடைக்கும் பன்னிரண்டு நிமிட ஓய்வில், வண்டி போய்வந்த நேரங்களைக் குறித்து டிப்போவில் ஒப்படைக்கும் பயணத் தாளின் பின்பக்கத்தில் எழுதுவாள். அதைப் பக்கத்து வீட்டுக் கார்ட்டெல் ராப்பாகப் பாடுவான். எழுதுவது யார் என்று இருவரும் வெளியே மூச்சுவிட்டதில்லை. அடுத்தவர் எழுதித் தந்ததைப் பாடுகிறான் என்பதைவிட ஒரு ராப் பாடகனுக்கு அங்கே வேறு அவமானம் இல்லை.

ஒரு ஏப்ரலில் ரொடெரிக் என்ற இளைஞன், போலீஸ் காமிராவின் நீல விளக்குக் கம்பத்தடியில் சுடப்பட்டுச் செத்தான். விளக்கு எரிந்தது, காமிரா பழுதாகிக் கிடந்தது. மூன்று வாரம் கழித்து கார்ட்டெலின் புதுப் பாட்டு வந்தது. ‘நீல வெளக்கடியில நின்னவன சாய்ச்சேன், தொப்பி உருண்டு வீடு போறத நின்னு பாத்தேன்’ என்று அதில் இரண்டு அடிகள். ரொடெரிக்கின் தொப்பியும் தூர உருண்டுதான் கிடந்தது. சுட்டவனின் உயரத்தை மட்டும் பார்த்த ஒரு சாட்சியும் இந்தப் பாட்டும்தான் அரசு வக்கீலின் கையில் இருந்தவை. பாட்டே வாக்குமூலம் என்றார் அவர். கைதான கார்ட்டெலுக்கு முப்பது வருடச் சிறை காத்திருந்தது.

சிறையில், கண்ணாடிக்கு இப்பால் உட்கார்ந்து லாவெர்ன் தொலைபேசியை எடுத்தாள்.

“நான் சாட்சி சொல்லப் போறேன்.”

“வேணாம் ஆன்ட்டி. பஸ் ஓட்டுற கிழவி எழுதிக் குடுத்ததப் பாடுறவன்னு ஊரே சிரிக்கும். என் பேரு நாறிடும்.”

“கிழவியா? நடுவுல கண்ணாடி இருக்கு, பொழச்ச.”

“வெளையாடாதீங்க ஆன்ட்டி.”

“முப்பது வருசம் உள்ள கெடந்துட்டு வந்தா உன் பேரு மணக்குமா? உங்கம்மா வெள்ளிக்கிழமை தவறாம மீன் வறுக்குறா. திங்க ஆளில்லாம எல்லாம் என் வீட்டுக்கு வருது. நான் எப்படி ஊதிட்டேன் பாரு.”

அவன் சிரித்துவிட்டான். பிறகு குனிந்துகொண்டு, “சரி” என்றான்.

நீதிமன்றத்தில் அரசு வக்கீல் சாவதானமாக ஆரம்பித்தார். “நீங்க எழுதினதுன்னா, யாரைச் சுட்டீங்க மேடம்?”

“யாரையும் இல்ல சார். பாட்டுல சாவுறவன் அடுத்த பாட்டுல எந்திரிச்சு வந்துடுவான். தெருவுக்குத் தெரு நீல வெளக்கு, தலைக்குத் தலை தொப்பி.”

“கொலைக்கு முன்னாடியே எழுதினதா சொல்றீங்க. பழைய தாள்ல நேத்துகூட எழுதலாமே?”

அவள் காத்திருந்த கேள்வி அது. “எழுதலாம். ஆனா அந்தத் தாள் என்கிட்ட இல்லயே. டிப்போவுல இருந்துச்சு.”

கூடுதலாக ஒரு தாள் வாங்கி அதில் எழுதுவதுதான் அவள் வழக்கம். ஒரு நாள் மறந்து, ஒப்படைக்க வேண்டிய தாளிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள். மேற்பார்வையாளர் அந்த வரிகளுக்குக் கீழே சிவப்பு மையில், ‘லாவெர்ன், இது பயணத் தாள், பாட்டு நோட்டு இல்லை’ என்று எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார். ரொடெரிக் சாவதற்குப் பதினான்கு மாதம் முன்பு நடந்தது அது. அதற்காக ஒரு வருடம் அவள் அவரோடு பேசவில்லை. டிப்போவிலிருந்து வரவழைத்த அந்தத் தாளைத்தான் கார்ட்டெலின் வக்கீல் இப்போது நீதிபதியிடம் நீட்டினார்.

“இத்தனை வருசத்துல நான் வாங்கின ஒரே திட்டு,” என்றாள் லாவெர்ன். “பத்திரமா வச்சிருக்காங்க.”

ஜூரி மறுநாள் கார்ட்டெலை விடுவித்தது.

வெளியே, ரொடெரிக்கின் தாய் அர்னெட்டா அவளுக்காக நின்றிருந்தாள். “உங்க மேல கோபமில்ல, மிஸ் லாவெர்ன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவன் தொப்பி எங்க வீட்டுப் பக்கமாதான் உருண்டுச்சு. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“தெரியாது, மிஸ் அர்னெட்டா. வாய்க்கு நல்லா வந்துச்சு. எழுதிட்டேன்.”

அர்னெட்டா தலையாட்டிவிட்டுப் போனாள்.

கார்ட்டெலை ஊர் ஒரு மாதம் கேலி செய்தது. பிறகு கேலிக்கு வேறு ஆள் கிடைத்தான். அவள் எழுதினாள், அவன் பாடினான், இப்போது பாட்டில் அவள் பெயரும் வந்தது.

ஆகஸ்டில் ஓட்டுநர்கள் தடம் தேர்ந்தெடுக்கும் நாள் வந்தது. பணி மூப்பில் அவள்தான் முதலில் கேட்கலாம். விமான நிலையத்துக்குப் போகும் சுகமான தடம் பல வருடமாக அவளுடையது. அன்று அதை விட்டுவிட்டு, யாரும் சீண்டாத, குண்டும் குழியுமான ஒரு தடத்தைக் கேட்டாள். நீல விளக்குக் கம்பத்துக்கு எதிரே, தினமும் காலை அர்னெட்டா வேலைக்கு ஏறும் நிறுத்தம் அதில்தான் இருந்தது.

“உனக்கென்ன பைத்தியமா?” என்றார் மேற்பார்வையாளர்.

“எழுதிக்கங்க,” என்றாள் லாவெர்ன். “சிவப்பு மையில வேணாம்.”