குழலுக்குள் தங்கிய மூன்றாவது வெடி

நியா தோங்கின் துப்பாக்கிக் குழலுக்குள் ஓர் ஈ தவறி விழுந்தால், வழுக்கிக்கொண்டே போய் அடியில் மண்டை இடித்துச் செத்துப்போகும் என்று ஸியெங் குவாங் மலையில் சொல்வார்கள். அவ்வளவு வழவழப்பு. பல்லை விளக்குவது எப்போதோ. குழலை விளக்குவது வாரம் இருமுறை. "குழல் துடைக்கப் பழந்துணி கிடைக்கும்னுதான் இவரு என்னையக் கட்டிக்கிட்டாரு" என்பாள் அவன் மனைவி யேர். அது முழுப் பொய்யும் இல்லை. அவளுடைய கல்யாணப் பாவாடையின் சணல் ஓரம் இரண்டாம் வருடமே கிழிந்து குழலுக்குள் போய்விட்டது.

அந்தப் பைத்தியத்துக்குக் காரணம் உண்டு. அந்த மலையில் துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுடுவதில்லை; கட்டையைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு சுடுவார்கள். குழல் வெடித்தால் முதலில் போவது முகம். நியா தோங்கின் அப்பாவுக்கு அப்படித்தான் ஒரு கண்ணும் பாதித் தாடையும் போயின. பிறகு பதினோரு வருடம் அவர் கஞ்சியை உறிஞ்சியே வாழ்ந்தார். அந்த ஈரமான உறிஞ்சல் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் இவன்.

ஆகவே வேட்டைக்கு முன் அவனுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில், மருந்தை வாய்வழியே கொட்டி இடிக்கும் மூங்கில் குத்துகோலை உள்ளே விடுவான். கோலில் சுற்றிய சிவப்பு நூல் குழல் வாயோடு நின்றால் உள்ளே ஒன்றுமில்லை. வாய்க்கு மேலே நின்றால் மருந்து இருக்கிறது. அடுத்து வாயை வைத்து ஊதுவான். பொறி நுழைய அடியில் ஓர் ஊசித்துளை. அதை அவன் காது என்பான். காது வழியே மூச்சு வர வேண்டும். பிறகு சாம்பல் கரைத்த வெந்நீர், சணல், பன்றிக்கொழுப்பு. வேட்டைநாளில் அந்தக் கொழுப்பையும் அடுப்பனலில் இளக்கித் துடைத்துவிட்டு, துளி மருந்தை வெறுமனே கொளுத்தி ஈரத்தை விரட்டுவான். இடையிடையே குழலின் காதை விரலால் பொத்திக்கொண்டு குழல் வாய்க்குக் குறுக்கே ஊதுவான். 'பூ' என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம் வரும். சாவு வீடுகளில் கெங் என்னும் மூங்கில் குழல் வாத்தியம் வாசிக்கிறவன் அவன். அந்த 'பூ' அவன் செவியில் ஆணி அடித்தாற்போல நின்றிருந்தது.

"ஆந்தை பொண்டாட்டியக் கூப்பிடுது" என்பாள் யேர்.

அந்த மழைக்காலத்தின் முடிவில் யேரின் அப்பா, மலைமுகட்டுக்கு அப்பால் இருந்த ஊரில் செத்துப்போனார். நியா தோங்கைப் பிரெஞ்சுக்காரன் சாலை வேலைக்குப் பிடித்துப் போயிருந்தான். யேர் பிள்ளை பெற்று நான்கு நாள். முப்பது நாள் முடியாமல் அவள் இன்னொரு வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, செத்தது அப்பனே ஆனாலும். அழுதுகொண்டே உள்ளே கிடந்தாள். அவள் தம்பி புலோங் வந்து துப்பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு போனான். உயிர் பிரிந்த வீட்டின் முன் மூன்று வெடி வெடிக்க வேண்டும். செத்தவருக்கு வழி திறக்கும்.

முதல் வெடி வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. அப்பனுக்குக் கடைசி மரியாதை என்று மூன்றாவதுக்கு இரட்டை மருந்து கொட்டி, புலோங் இடித்த இடியில் குத்துகோலே முறிந்தது. கோலைப் பிடுங்கி எறிந்துவிட்டு விசையை இழுத்தான். மழைத்தூறல். 'சீ' என்றது. இன்னொரு தரம் இழுத்தான். அதுவும் 'சீ'. முரசு அடித்தவர் சட்டென்று ஓங்கி அடித்து அந்த 'சீ'யை மறைத்தார்.

மூன்றாவது வெடிக்கவில்லை என்பது அந்த ஊர் நாய்க்கும் தெரியும். ஆனால் அதை வாயால் சொன்னால், அடுத்த பிணத்தை அதே வீட்டுக்கு அழைத்ததாகிவிடும். எவரும் சொல்லவில்லை. புலோங்கின் அம்மா வலது கையில் வெடிக்கு ஒன்றாக இரண்டு விரலை மடக்கியவள் மடக்கியபடியே இருந்தாள். கஞ்சி கொடுத்தாலும் இடது கையால்தான் வாங்கினாள்.

புலோங் புது மூங்கில் சீவினான். குழலுக்குள் விட்டான், கோல் மருந்தில் முட்டி எங்கே நின்றதோ அங்கே, வாயோடு வாயாக, சிவப்பு நூலைச் சுற்றினான். உள்ளே இருப்பது இனி நனைந்த மண் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஒன்பதாம் நாள் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

நியா தோங் அன்று காலையில்தான் சாலை வேலையிலிருந்து திரும்பியிருந்தான். காட்டுப்பன்றி சோளக்கொல்லையில் பாதியைத் தின்றிருந்தது.

"மூணும் வெடிச்சுதா மாப்பிள?"

"இடி மாதிரி, மச்சான்."

நியா தோங் கோலை விட்டான். நூல் வாயோடு நின்றது. வாயை வைத்து ஊதினான். மூச்சு போகவில்லை.

"கொழுப்பு அடைச்சிருக்கு மச்சான். கொஞ்சம் அள்ளிப் பூசிட்டேன்."

"பூசுனியா, பொரிச்சியா?"

குழலின் அடிப்பக்கம் தணலை நோக்கி இருக்கும்படி துப்பாக்கியைச் சாய்த்து வைத்தான். எப்போதும் செய்வதுதான். அதன் வாய் எதிர்மூலையைப் பார்த்தது. அங்கே யேர் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பிள்ளை பெற்றவளுக்கான கோழி, மூலிகையோடு கொதித்துக்கொண்டிருந்தது. தணல் ஒன்று நகர்ந்தது. குழலின் அடியிலிருந்து ஒரு சொட்டுக் கொழுப்பு உருகி விழுந்து சுரீரென்றது.

புலோங் குழல் வாயைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான்.

"அக்கா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் உக்காரு. புகை அடிக்குது."

"எனக்கு அடிக்கலியே."

"உக்காருன்னா உக்காரேன்."

நியா தோங் புகையைப் பார்த்தான். அது நேராகக் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது. மைத்துனனைப் பார்த்தான். காலித் துப்பாக்கியின் எதிரிலிருந்து எவரும் எவரையும் நகர்த்துவதில்லை. எழுந்தான். குழலைத் தணலிலிருந்து மெல்ல, தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி, வாயை வாசல் பக்கம் திருப்பினான். அனல் ஆறுமட்டும் அப்படியே நின்றான். பிறகு ஓரமாக உதடு வைத்துக் குறுக்கே ஊதினான்.

'பூ' வரவில்லை. 'கீ' வந்தது. உள்ளே குழல் குட்டையாகியிருந்தது.

குத்துகோலை உருவி, குழலுக்கு வெளியே, நூல் வாயோடு நிற்கும்படி ஒட்டவைத்துப் பார்த்தான். கோலின் நுனி காதைத் தொட வேண்டும். நாலு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

"மூணும் வெடிச்சுதா மாப்பிள?"

"வெடிச்சுது."

"அப்படின்னா இன்னிக்கு உன் கன்னத்துல வச்சுச் சுடு. எனக்குச் சாலை வேலை செஞ்சு கை நடுங்குது."

புலோங் வாங்கக் கை நீட்டினான். அந்தப் பிடிவாதக்காரன் உண்மையிலேயே நீட்டினான். அம்மா சாவதைவிடத் தன் முகம் போவது மேல் என்று நினைத்திருப்பான். யேர்தான் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு கேட்டாள்.

"தம்பி. அப்பா இன்னும் வாசல்லயே நிக்கிறாரா?"

அவன் குந்தி உட்கார்ந்துவிட்டான். வாயால் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

"தண்ணிய ஊத்திடலாம் மச்சான். சுரண்டி எடுத்துடலாம். யாருக்கும் தெரியாது."

"என் உசுரு வெளிய போனப்புறம் தெரிஞ்சிருக்கும்" என்றான் நியா தோங். ஆனால் வெந்நீர்ச் சட்டியை எடுக்கத்தான் போனான், அதுதான் புத்தி.

"ஊத்தாதீங்க" என்றாள் யேர். "எங்கப்பனோட வெடி அது. நான் அவரு மொகத்தக்கூடப் பாக்கல. வெடிங்க."

"இரட்டை மருந்து, யேர். ஒன்பது நாளு துருப் பிடிச்சுக் கிடந்தது. குழல் தாங்காது."

"குழலா, எங்கப்பனா?"

நியா தோங் சட்டியை விட்டுவிட்டுத் துப்பாக்கியை எடுத்தான்.

வெயில் சாய்வதற்குள் வீட்டுக் கொல்லைக்குப் போனார்கள். துப்பாக்கியைப் பீச்மரக் கவையில் கொடியால் இறுக்கினார்கள். குழல் மலைமுகட்டைப் பார்த்தது. நியா தோங் குழலின் காதை ஊசியால் குத்திக் குத்தி, கரிச்சேறு போய்க் கறுப்புப் பொடி தெரியும்வரை தோண்டினான். காய்ந்த மருந்து வைத்தான். விசையில் கயிறு கட்டி, இருவரும் பாறைக்குப் பின்னால் படுத்தார்கள். வீட்டு வாசற்படிக்கு உள்ளே யேர் நின்றாள்.

"நீயே இழு. உங்கப்பன்."

புலோங் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான்.

மரம் இலை உதிர்த்தது. எதிர்மலையில் பட்ட சத்தம் திரும்பி வந்து, போதாதென்று இன்னொரு தரமும் போய்வந்தது. அந்த வெடியில் பக்கத்து மூன்று ஊர்க் கோழிகள் ஒரே நேரத்தில் முட்டையிட்டதாகச் சொல்வார்கள். நான் இரண்டு ஊருக்குத்தான் சாட்சி. இது உண்மை: விஷயம் தெரியாத அந்த ஊர்க்காரர்கள் களைக்கொத்தும் கையுமாக நின்று, மிச்ச இரண்டு வெடிக்காகக் காத்திருந்தார்கள். வரவில்லை. யாருடைய சாவின் முதல் வெடி இது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

புலோங் மூச்சிரைக்க முகட்டைத் தாண்டி ஓடினான், அம்மா அதை வேறொரு சாவின் முதல் வெடியாக எண்ணிவிடுவாளோ என்று. அவள் வாசலில் நின்றிருந்தாள். மூன்றாவது விரல் ஏற்கெனவே மடங்கியிருந்தது. "போயிட்டாரு" என்றாள். "எனக்குக் கஞ்சி ஊத்து."

இங்கே நியா தோங் கொடியை அவிழ்த்து, குழலைச் சாம்பல் நீரில் கழுவினான். வெளியே ஒரு கீறலும் இல்லை. நூல் மாற்றிக் கட்டிய கோல் காதுவரை போய்வந்தது. காது வழியே மூச்சு வந்தது. எல்லாம் சரி.

"அப்படின்னா நாளைக்குப் பன்றிக்குப் போலாமே" என்றாள் யேர், உள்ளேயிருந்து.

அவன் குழலின் காதைப் பொத்திக்கொண்டு குறுக்கே ஊதினான். 'பூ' வந்தது. ஆனால் அந்தப் 'பூ'வுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத எங்கோ ஒரு மயிரிழை வழியாக, இன்னொரு சத்தமும் கசிந்தது. ஈரமாக, உறிஞ்சுவதுபோல. அப்பாவிடம் பதினோரு வருடம் கேட்ட சத்தம்.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

"பன்றி தின்னுட்டுப் போகட்டும்" என்றான்.