மாமனார் கட்டிய வரப்பு

அந்த மார்ச்சில் எங்கள் வீட்டு போர்வெல் வெறும் காற்றை இறைக்கத் தொடங்கியது. மோட்டார் ஓடும், குழாய் உறுமும், ஒரு சொட்டு வராது. தொம்மலூரின் பழைய ஊர்ப் பக்கத்துச் சந்து ஒன்றில், தரைத்தளத்தில் வாடகைக்கு இருந்தோம். மேலே வீட்டுக்கார அம்மா. சாலை போடுகிறவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டு, நாங்கள் குடிவந்தபோது தெருவைவிட ஒரு படி உயரமாக இருந்த வீடு இப்போது தெருவோடு தெருவாகக் கிடந்தது. நான்கு நாளுக்கு ஒருமுறை டாங்கர் லாரி வந்து, வாசலுக்கு அடியில் இருந்த சம்ப்புத் தொட்டியில் தண்ணீர் விட்டுப் போகும். அதுதான் மேலும் கீழும் எல்லோருக்கும்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் மாமனார் எங்களோடு இருக்க வந்தார். அதுவரை நீலசந்திராவில் மூத்த மகன் வீட்டில் இருந்தார். மூன்று மாடி ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ராணுவத்தில் பாலம் கட்டுவது, பாதை போடுவது என்று வேலை பார்த்தவர். அதில் ஏழெட்டு வருடம் ராஜஸ்தான் பாலைவனத்தில். வந்த அன்று எங்கள் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார். அது ஒருமுறை இருமிவிட்டு அடங்கியது.

"ரேகிஸ்தானே தேவலாம்," என்றார். பாலைவனத்தை அவர் ஒருநாளும் தமிழில் சொன்னதில்லை.

நான் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் விடுமுறை. என் கணவர் ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கார் ஓட்டுகிறார்; காலையில் போனால் இருட்டித்தான் வருவார். ஆக, பகல் முழுக்க நானும் மாமனாரும்தான்.

அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்தின் முதல் கழுவல், அதை வடித்துத் தரைக்கு, தரை துடைத்ததைக் கழிப்பறைக்கு. இதையெல்லாம் நான் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்தேன். ஆனால் அவர் வந்தபின் அதைச் செய்யும்போது முதுகுக்குப் பின்னால் ஒருவர் கைகட்டி நிற்பார். நான் குளித்து வெளியே வந்தால், "எத்தன சொம்பும்மா?" என்று கேட்பார். மருமகளிடம் கேட்கிற கேள்வியா இது என்று அன்று ராத்திரி கணவரிடம் குமுறினேன். "மிலிட்டரி ஆளு, விடு," என்று சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார்.

தண்ணீர்க் கணக்கையாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். வானத்தைப் பற்றி அவர் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. தினமும் மூன்று மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்கே பார்ப்பார்.

"காத்து திரும்பிடுச்சு. இன்னிக்கு அடிக்கும். துணியெல்லாம் எடுத்துடு."

எடுப்பேன். அடிக்காது. மறுநாளும் எடுப்பேன். புழுதிதான் வரும். சந்து முனையில் யாரோ ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் செம்மண்ணும் சிமெண்டுத் தூளும் எங்கள் தட்டுகளில், தலையணையில், ஊறப்போட்ட உளுந்தில்கூட வந்து படியும். பாலைவனத்தில் மழைக்கு முன்னால் இப்படித்தான் தொடங்கும் என்பார். முதலில் பழுப்பாக ஒரு சுவர் எழுந்து வரும். பகலில் விளக்குப் போட்டு வண்டி ஓட்ட வேண்டும். அப்புறம் அரைமணி நேரம் ஊற்றிவிட்டு ஆறு மாதம் காணாமல் போகும். அந்த அரைமணி நேரத்தைப் பிடிப்பவன்தான் அங்கே பிழைப்பான் என்று, ஒவ்வொரு முறையும் அப்போதுதான் சொல்வது போலச் சொல்வார்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் சிவாஜிநகர் போய் ஒரு பெரிய நீலத் தார்ப்பாலினோடு வந்தார். பஸ்ஸில் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். மொட்டைமாடியில் நான்கு பக்கமும் கயிறு கட்டி, நடுவில் சிறு துளை போட்டு, பள்ளம் விழுகிற மாதிரி அதன் பக்கத்தில் ஒரு கல்லை வைத்து, அடியில் ஒரு டிரம்மை நிறுத்தினார். முழங்கால் வலி அன்று எங்கே போனதென்று தெரியவில்லை.

மூன்று நாளைக்கு மழை வரவில்லை, காற்று வந்தது. நான்காம் நாள் காலை வீட்டுக்கார அம்மா படியிறங்கி வந்தார். எங்களோடு பேசும்போது தமிழும் கன்னடமும் அவருக்குச் சரிபாதி.

"நோடும்மா, ராத்திரி பூரா படபடன்னு சத்தம். நித்தேயே இல்ல. கயித்த நம்ம டிஷ் கம்பில வேற கட்டியிருக்காரு. டிவி ஓடல. சொல்ப ஹேளும்மா, உங்க மாமாவுக்கு எடுத்துச் சொல்லு."

வாடகை வீடு. நான் என்ன சொல்ல? உள்ளே போய், "மாமா, அத அவுத்துடுங்க," என்றேன்.

"மழ வரப் போவுது."

"ஒரு மாசமா அதத்தான் சொல்றீங்க. வந்தா பாத்துக்கலாம்."

அவர் விருட்டென்று எழுந்தார். பிறகு மாடிக்குப் போய் அவிழ்த்து, பட்டாளத்துப் போர்வை மாதிரி மடித்து, கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

அன்று மத்தியானமே வேறு வேலையில் இறங்கிவிட்டார். இடித்த வீட்டுக் குவியலிலிருந்து மண்ணைக் கேட்டு வாங்கி, காலி சிமெண்டுச் சாக்குகளில் நிரப்பி, எங்கள் கேட்டுக்கு உள்பக்கம் குறுக்கே அடுக்கினார். சாக்குகளின் இடுக்கில் களிமண் பிசைந்து அப்பினார். முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்பு. தெருத் தண்ணீர் உள்ளே வராதாம். அந்த மண்ணைப் பிசைய டாங்கர் தண்ணீரில் ஒரு வாளியை எடுத்திருந்தார். எத்தனை சொம்பு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மறுநாள் நான்கு மணிக்கு அவர் சொன்னபடியே வந்தது. முதலில் புழுதி, எதிர்வீடு மறைந்தது. பிறகு கூரைத் தகரங்களில் கல்லை வாரி இறைத்தது போல ஆலங்கட்டி. கரண்ட் போனது. அப்புறம் மழை. தெரு பத்து நிமிடத்தில் வாய்க்கால் ஆனது. ஒற்றைச் செருப்புகளும் தேங்காய் ஓடுகளும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கேட்டைக் கடந்து போயின.

வரப்பு நின்றது. வெளியே தெருவில் ஒரு சாண் தண்ணீர், உள்ளே வாசல் ஈரம் மட்டும். மாமனார் குடை பிடித்துக்கொண்டு அதன் பக்கத்தில் நின்றார். மகிழ்ச்சியை முகத்தில் காட்டாமல் இருக்கப் பாடுபட்டார். நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுத்தபோது, பின்னால் குளியலறையில் குடுகுடுவென்று சத்தம் கேட்டது.

கழிவுநீர்த் துவாரத்திலிருந்து கறுப்பாகத் தண்ணீர் பொங்கி வந்துகொண்டிருந்தது. தெருச் சாக்கடை நிரம்பி, குழாய் வழியே எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தது. துவாரத்தின் மேல் கோணியை அமுக்கி, அதன்மேல் அம்மிக்கல்லை வைத்தேன். சுற்றிக்கொண்டு வந்தது. குளியலறை, சமையலறை, கூடம். அரிசி டப்பாவை அலமாரி மேல் ஏற்றினேன், என் மாணவர்களின் நோட்டுகளைக் கட்டில் மேல். கணுக்காலுக்கு வந்துவிட்டது. அந்த நாற்றத்தைப் பற்றி எழுதப்போவதில்லை.

அரைமணி நேரத்தில் மழை விட்டது. தெருத் தண்ணீரும் மளமளவென்று வடிந்தது. எங்கள் வீட்டுத் தண்ணீர் மட்டும் அப்படியே நின்றது. வரப்பு அவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தது.

"மாமா, அத ஒடைங்க. தண்ணி வெளிய போவட்டும்."

"இரும்மா. ரெண்டாவது மழ வரும். மொத வெள்ளத்துல எவனும் சாவமாட்டான். ரெண்டாவதுதான் ஆள அடிக்கும். ரேகிஸ்தான்ல—"

"இது ரேகிஸ்தான் இல்ல மாமா, தொம்மலூரு. என் வீட்டுக்குள்ள சாக்கட நிக்குது."

அவர் நகரவில்லை. நான் கடப்பாரையை எடுத்தேன். அந்தக் களிமண் நாலு குத்துக்கு அசையவில்லை. ஐந்தாவதில் ஒரு சாக்கு கிழிந்தது. மிச்சத்தைக் கையாலேயே இழுத்துப் போட்டேன். கறுப்புத் தண்ணீர் தெருவுக்கு ஓடியது. நான் மேல்மூச்சு வாங்க நின்றேன். அவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஆறு மணிக்கு இரண்டாவது மழை வந்தது.

முதல் மழையைவிடப் பெரிது. நான் உடைத்த வழியாகத் தெருத் தண்ணீர் முழுவதும் உள்ளே இறங்கியது. கணுக்காலில் இருந்தது முழங்காலுக்கு வந்தது. ஒன்றும் செய்வதற்கில்லை. நானும் மாமனாரும் கட்டில் மேல் ஏறி உட்கார்ந்தோம். நடுவில் நோட்டுக் கட்டு, அரிசி டப்பா, கேஸ் அடுப்பு. "நான் சொன்னேன்ல" என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் எனக்கும் திருப்பிச் சொல்ல நிறைய இருந்தது. அவர் சொல்லவே இல்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

கணவருக்குப் போன் போட்டேன்.

"மழையா? அங்கயா? இங்க ஒரு துளி இல்லையே," என்றார், எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து. போனை வைத்துவிட்டேன். அன்று அவருக்கு ராத்திரிச் சவாரியும் இருந்தது; மறுநாள் மத்தியானம்தான் வந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து மாமனார் தானாகவே பேசினார். அதுவரை நான் கேட்டிராதது. பாலைவனத்தில் ஒரு வறண்ட ஆற்றுப் படுகையில் வண்டிகளை நிறுத்திக் கூடாரம் போட்டிருந்தார்களாம். மழை பெய்து தண்ணீர் வந்தது; முழங்காலளவுதான். எல்லோரும் மேட்டுக்கு ஓடித் தப்பினார்கள். வெயில் வந்ததும், விட்டுவந்த சாமான்களை எடுக்கச் சிலர் கீழே இறங்கினார்கள்.

"எங்க மேல மழையே இல்ல. தூரத்துல எங்கியோ பேஞ்சது. சத்தம் கேட்டு நான் ஏறிட்டேன். எங்கூட இருந்தவன் ஸ்டவ்வ எடுத்துகினு வரேன்னான். அவன் பொண்டாட்டிக்கு நாந்தான் தந்தி எழுதினேன்."

அவ்வளவுதான் சொன்னார். எங்கள் ஸ்டவ்வைக் கொஞ்சம் நகர்த்தி, அவர் கால் நீட்ட இடம் விட்டேன்.

மறுநாள் காலை வீட்டில் தண்ணீர் வடிந்து, விரல் தடிமனுக்குச் சேறு படிந்திருந்தது. கழுவ ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. சம்ப்புக்குள் சாக்கடை இறங்கிவிட்டது. மூடியைத் திறந்தால் மூக்கைப் பிடிக்க வேண்டியிருந்தது. டாங்கர்க்காரருக்குப் போன் செய்தேன். சந்து முனையில் மரம் விழுந்து கிடக்கிறது, தண்ணீரும் நிற்கிறது, லாரி வராது என்றார். இரண்டு மாதம் தண்ணீர் இல்லாமல் தவித்துவிட்டு, தண்ணீர் நிற்பதால் தண்ணீர் வராது என்பதைக் கேட்டுக்கொண்டு அந்தச் சேற்றில் நின்றேன்.

வீட்டுக்கார அம்மா மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"தாத்தா அந்த டார்ப்பால் கட்டியிருந்தாருல்ல. அது இருந்திருந்தா ஒரு டிரம் நல்ல நீரு நின்னிருக்கும். ஏன் எடுத்துட்டீங்க?"

மாமனார்தான் நிமிர்ந்து பார்த்து, "டிவி பாக்கணும்னீங்களேம்மா," என்றார், மரியாதையாக. அந்த அம்மா தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கால்மணி நேரத்தில் தன் சமையலறையில் மிச்சமிருந்த கேன் தண்ணீரில் பாதியை ஒரு குடத்தில் ஊற்றி எடுத்து வந்தார். அதில் மூன்று பேரும் காப்பி குடித்தோம். அந்த அம்மா வாசல்படியில் உட்கார்ந்து, தன் பங்கைக் குடித்துக்கொண்டே கார்ப்பரேஷனைத் திட்டித் தீர்த்தார். மரத்தை அறுத்து எடுக்க இரண்டு நாள் ஆனது. அதுவரை கேன் தண்ணீரில் சோறு, ஈரத் துணியில் குளியல்.

ஜூனில் பள்ளி திறப்பதற்குள் வீடு மாறிவிட்டோம். நீலசந்திராவில், கணவரின் அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, இரண்டாவது மாடி. கார்ப்பரேஷன் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. சாக்கடை அவ்வளவு உயரத்துக்கு ஏறாது. ஆனால் படுக்கையறைச் சுவரில் மேலிருந்து ஒழுகுகிறது. மாமனார் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறுகிறார், கையைக் கொடுத்தால் தட்டிவிடுகிறார். ஜூலை முழுக்க அந்த நசநசத் தூறல். துணி காயவும் இல்லை, வாளி நிறையவும் இல்லை. இதெல்லாம் ஒரு மழையா என்று அவர் பால்கனியில் நின்று வானத்தைத் திட்டினார். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போனோம்.