அண்ணை வேண்டாம் என்று சொன்ன நாள்

எங்கள் ஆட்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. வேண்டும் என்பதை வேண்டும் என்று சொல்லமாட்டோம். விருந்துக்குப் போன இடத்தில் பசி வயிற்றைக் கிள்ளினாலும், சாப்பாட்டுக் கோப்பைக்கு மேலே கையை விரித்து "காணும், காணும்" என்போம். வீட்டுக்காரி அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னும் இரண்டு அகப்பை போடவேண்டும். போடாவிட்டால் திரும்பி வரும் வழியெல்லாம் அவளைத் திட்டித் தீர்ப்போம். பதவிக்கும் இதே சட்டம்தான். கோயில் சபையோ பழைய மாணவர் சங்கமோ, "நான் நிக்கிறன்" என்று தானாகக் கை தூக்குகிறவன் பதவி ஆசை பிடித்தவன். "எனக்கு ஏலாது, வேறை ஆரையும் பாருங்கோ" என்று மறுத்து, மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போய் இருத்துகிறவன்தான் நல்ல மனிதன்.

எங்கள் தொழிற்சங்கத் தலைவர் இருபது வருடத்துக்கு மேலாக அப்படி நல்ல மனிதராக இருந்தார்.

டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் எங்களுக்கு வேலை. நான் தட்டு அடுக்கும் பகுதி. அவர் தட்டுக் கழுவும் இயந்திரத்தில் தொடங்கியவர். தலைவரானதும் அந்த வேலையிலிருந்து அவரை விடுவித்து மேல்மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறையும் ஒரு மேசையும் கொடுத்தார்கள். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணை என்போம். எங்களோடு வேலை செய்யும் ஹெயிட்டிக்காரர்கூட அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள், அது அவருடைய பெயர் என்று நினைத்து.

என் மூத்தவள் வயிற்றில் இருந்தபோது மேற்பார்வையாளன் என்னைக் குளிர் அறையில் போட்டான். முடியாது என்று பிரெஞ்சில் சொல்லக்கூட அப்போது எனக்குத் தெரியாது. யாரோ போய்ச் சொல்லியிருக்கவேண்டும். அண்ணை உள்ளே வந்து என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக் கீழே வைத்தார். "நீ வெளியிலை வா பிள்ளை, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றார். சொன்னபடியே பார்த்தார். அதற்குப் பிறகு ஒருநாளும் என்னை அந்த அறைக்கு அனுப்பவில்லை.

அந்த நன்றிக்குத்தான் தேர்தலில் எனக்கென்று ஒரு வேலை வந்து சேர்ந்தது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை, எங்கள் ஆட்கள் கூடுதலாக இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தில் கூட்டம் நடக்கும். யாராவது அவர் பெயரை முன்மொழிவார்கள். சம்மதமா என்று கேட்டால் அண்ணை, களைத்துப்போனேன், வேண்டாம் என்பார். அப்போது நான் எழும்பவேண்டும். "இல்லை அண்ணை, நீங்கள் இல்லாட்டி எங்களுக்கு ஆர் இருக்கினம்?" என்று தமிழில் உரத்துச் சொல்லவேண்டும். உடனே மண்டபம் கைதட்டும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், தலையை ஆட்டுவார், கடைசியில் சரி என்பார். தேர்தல் நடத்த வரும் கிழவருக்கு இந்தக் கூத்து பழகிவிட்டது. நான் எழும்பும்வரை பேனையைத் திறக்கவே மாட்டார்.

பிறகு அண்ணைக்கு வயது போய்விட்டது. அறுபத்தெட்டு. கம்பனியோடு பேசும் கூட்டங்களில் நாடியை நெஞ்சில் வைத்து நித்திரையானார். யாராவது முறைப்பாட்டுக் கடிதம் கொடுத்தால் நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்து, "பேந்து பாப்பம்" என்பார். அந்தப் பை ஒரு கிணறு. மன்னாரைச் சேர்ந்த ஒரு அக்கா எங்களோடு பதினாறு வருடம் சாப்பாட்டு வண்டில்களை ஏற்றினவர். விமானத்துக்குப் போகிற சின்ன வெண்ணெய்ப் பெட்டிகளை எடுத்தார் என்று பொய்ப்பழி போட்டு அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். குறித்த நாட்களுக்குள் சங்கம் எழுத்தில் எதிர்த்திருந்தால் அவர் திரும்பி வந்திருப்பார். கடிதம் கோட்டுப் பைக்குள் கிடந்தது, நாள் கடந்துவிட்டது. அந்த அக்கா இப்போது ஹோட்டலில் கட்டில் விரிக்கிறார். "அவருக்கும் வயசு போட்டுதுதானே" என்று மட்டும் சொன்னார். அவர் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

சாப்பாட்டு மேசையில் எல்லோரும் ஒரே குரல். அண்ணை மரியாதையோடு ஒதுங்கவேண்டும், இன்னொரு தவணை கூடாது. ஆனால் பூனைக்கு யார் மணி கட்டுவது? அவர் படியிறங்கி வந்தால் அதே வாய்கள், "அண்ணை இருக்கிறதுதான் எங்களுக்குப் பலம்" என்று குழையும். அதில் என் வாயும் ஒன்று. தேர்தலுக்கு முந்தின கிழமை பேருந்தில் அவருக்குப் பக்கத்தில் முக்கால் மணித்தியாலம் இருந்தேன். சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒழுங்குபடுத்திக்கொண்டு வந்தேன். கடைசியில் அவருடைய முழங்கால் நோவு எப்படி என்று விசாரித்தேன்.

அவருக்கு அந்த மேல்மாடி மேசை என்ன என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மனைவி காலமாகி நாலு வருடம். மகன் கல்கரியில். அந்த அறையில்தான் நாலு பேர் அவரைத் தேடி வந்தார்கள், அங்கேதான் அவருடைய தொலைபேசி அடித்தது.

கூட்டத்துக்கு முதல்நாள் அண்ணை எனக்குத் தொலைபேசி அடித்தார்.

"நாளைக்கு வாறாய்தானே பிள்ளை?"

வந்து எழும்பு என்று அதற்கு அர்த்தம். அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஓம் அண்ணை, வாறன்" என்றேன்.

போனேன். இம்முறை பழைய கிழவர் இல்லை. சங்கத்தின் தலைமை அலுவலகம் ஒரு இளம் பெண்ணை அனுப்பியிருந்தது. அண்ணையின் பெயரை முன்மொழிந்தார்கள். சம்மதமா என்று அவள் கேட்டாள். அண்ணை வழக்கம்போல, களைத்துப்போனேன், வேண்டாம் என்றார். அவள் பேனையைத் திறந்தாள். மறுக்கிறீர்களா என்று இன்னொரு முறை, மிக மரியாதையாகக் கேட்டாள். அண்ணை சிரித்துக்கொண்டு ஓம் என்று தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். எங்கள் ஆட்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாய்க்குள் வந்து நின்ற வசனத்தை விழுங்கிவிட்டு நான் என் சப்பாத்தைப் பார்த்தேன். வேறு யாராவது எழும்பியிருக்கலாம். அத்தனை கதிரையில் ஒரு கதிரைகூட அசையவில்லை.

நான் நிமிர்ந்தபோது அண்ணை கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். துடைக்கவில்லை. அந்தப் பெண் எழுதிவிட்டு அடுத்த பெயரைக் கேட்டாள்.

குளிர்ச் சமையல் பகுதியில் வேலை செய்யும் ஒரு ஹெயிட்டிப் பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். சம்மதமா என்றதும் அவள் ஓம் என்றாள், அவ்வளவுதான். "கூச்சமில்லாத பெட்டை" என்று எனக்குப் பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். போட்டி இல்லாமல் அவளே தலைவியானாள். நல்லாகவே நடத்துகிறாள், கடிதங்கள் நாளுக்கு முன்னமே போகின்றன. அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறேன், சரிவரவில்லை. அவர் போகவேண்டியவர்தான். அதை முகத்துக்கு நேரே சொல்ல நெஞ்சில் துணிவில்லாமல், அவருடைய மரியாதையையே கயிறாக்கி அவர் கழுத்தில் இறுக்கினோம். படியேறி வெளியே வரும்போதே எங்கள் ஆட்கள் நியாயத்தைத் தயாராக்கிவிட்டார்கள். "அவர்தானே வேண்டாமெண்டவர். வாயாலை சொன்னதைத்தானே அவள் எழுதினவள்." நானும் ஓம் என்றேன்.

ஓய்வூதியத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை அண்ணை தட்டுக் கழுவும் இயந்திரத்துக்கு முன்னால் நின்றார். கோட்டு இல்லை, றப்பர் மேலங்கி. ஆவியில் முகம் சிவந்து, விமானத்திலிருந்து வந்த தட்டுகளில் மிச்சச் சோற்றை வழித்துக்கொண்டிருந்தார். வீட்டில் சும்மா இருந்து என்ன செய்வது என்று யாருக்கோ சொன்னாராம். இரண்டு கிழமையாக நான் மற்ற வாசலால் போய் வந்தேன்.

மூன்றாம் கிழமை தேநீர் இடைவேளையில் அகப்பட்டுக்கொண்டேன். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணை கையுறைகளைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எனக்கு முன்னால் இருந்தார். கையெல்லாம் ஊறி வெளிறிப்போயிருந்தது. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்று ஆசைப்பட்டேன், உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும்.

"பிள்ளை, அண்டைக்கு உனக்குத் தொண்டை சரியில்லைப் போலை" என்றார்.

"ஓம் அண்ணை. நல்லாக் கட்டிப்போச்சு."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். மல்லி அவிச்சுக் குடி."

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, கையுறைகளை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டு எழும்பிப் போனார்.