ஜன்னலில் வந்த கணக்கு

பெரம்பூர் மார்க்கெட்டில் உரித்த இறாலின் மேல் ப்ளீச்சிங் பவுடர் வாடை அடித்தாலே எனக்குப் பதிமூன்று வயது திரும்பிவிடும். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்குப் பின்னால் இருந்த அந்த இறால் கொட்டகை இப்போது இல்லை. நான் பெரியவளானதும் நைனா பள்ளிக்கூடத்தை நிறுத்தி, அம்மாவோடு என்னையும் அங்கே உட்கார வைத்துவிட்டார். மேலே தகரக் கூரை கொதிக்க, கீழே ஐஸ் தண்ணீரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போக, காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடு உரித்துக்கொண்டே இருப்போம். வெளியுலகம் என்று இருந்தது ஒரு கம்பி ஜன்னல் மட்டும்.

நாலரை மணிக்கு என் வகுப்புத் தோழி தேவகி அந்த ஜன்னலில் வந்து நின்று வீட்டுக்கணக்கை வாசிப்பாள்.

"ரெண்டும் மிகை நிரப்புக் கோணமாம்டி. ஒண்ணு இன்னொண்ணோட ரெண்டு மடங்கைவிட முப்பது டிகிரி ஜாஸ்தின்னு போட்டுகீது."

எழுதக் கை ஒழியாது. சின்னதை x என்று மனதுக்குள் வைப்பேன். பெரியது 2x + 30. இரண்டும் சேர்ந்தால் 180. அப்படியானால் 3x என்பது 150.

"ஐம்பது, நூத்தி முப்பது" என்பேன். அம்மா தலை நிமிராமல் சிரிப்பாள். அந்த ஒரு நிமிடத்துக்காகவே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள் தேவகி வாசித்த கணக்கில் 'சர்வசமம்' என்று ஒரு சொல் வந்தது.

"அப்டின்னா இன்னாடி?"

"போன வாரம் நடத்துனாங்க. நீதான் வர்லியே" என்றாள், சாதாரணமாக.

நான் குனிந்து அடுத்த இறாலை எடுத்தேன். பள்ளிக்கூடம் நின்று ஐந்து மாதமாகியும், அது நின்றுபோனது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.