பிறந்த வீட்டுக் கோடி

நாகையா பிரிக்பீல்ட்ஸில் சொந்த வேன் வைத்திருப்பவர். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது பிழைப்பு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள்; நாகையா அந்த வாயாலேயே பிழைத்தவர். அப்படிப்பட்ட மனிதர் சொல்லியே ஆகவேண்டிய ஒரு நாளில் வாயை மூடிக்கொண்டார்.

அன்று வேனில் திருச்சிக்காரர்கள் மூன்று பேர். புதிதாகக் கல்யாணமான முகுந்தன், அவன் மனைவி வாணி, முகுந்தனின் அம்மா புஷ்பவல்லி. கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் பார்ப்பது, பிறகு கோயில், கடைத்தெரு, கடைசியில் மோரிப் கடற்கரை என்று திட்டம். காலையில் ஓட்டல் வாசலில் பூனை குறுக்கே போய்விட்டது. புஷ்பவல்லி எல்லாரையும் திரும்ப உள்ளே கூட்டிப்போய், தண்ணீர் குடிக்க வைத்த பிறகுதான் வண்டியில் காலை வைத்தார். பிரிக்பீல்ட்ஸ் பூனைக்குத் திருச்சி சாத்திரம் எப்படித் தெரியும் என்று நாகையா மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

துறைமுகத்தில் அவர்கள் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெஞ்சாரோமிலிருந்து அக்கா மகன் யுகேந்திரன் போன் செய்தான்.

"மாமா, அம்மா போயிட்டாங்க மாமா. காலையில எழுப்புறேன், எந்திரிக்கவே இல்ல." அழுதுவிட்டுத் தொடர்ந்தான். "நாளைக்குச் சனிக்கிழமை லா, அதனால இன்னைக்கே எடுக்கச் சொல்றாங்க. மின்சுடலையில மூணு மணிக்கு நேரம் குடுத்திருக்காங்க. கோடி நீங்கதான் கொண்டு வரணும்."

கட்டிக்கொடுத்த பெண் இறந்துபோனால் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை வரவேண்டும். அந்தக் கோடியைப் போர்த்திய பிறகுதான் சவப்பெட்டியை மூடுவார்கள். அக்கா லோகேஸ்வரிக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது இந்த ஒரு தம்பிதான்.

நாகையா வேனுக்குப் பின்னால் நின்று அழுது, குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் வந்தார். புஷ்பவல்லியின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு எழவில்லை. பூனைக்கே திரும்பிப் போன அம்மா, புதுப்பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஊர் பார்க்க வந்த இடத்தில் சாவு என்று கேட்டால் என்ன ஆவார்? தீட்டுக்காரன் ஓட்டுகிற வண்டியில் கோயிலுக்கு எப்படி வருவார்? மோரிப் போகிற வழிதான் ஜெஞ்சாரோம். அங்கே இவர்களை ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்துவிட்டு ஓடிப்போய்க் கோடியைப் போர்த்திவிட்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார். முட்டாள்தனமான கணக்கு. துக்கத்தில் இருக்கிறவனுக்கு அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

கோயிலுக்குள் அவர் போகவில்லை. புஷ்பவல்லி திருநீறு கொண்டுவந்து நீட்டியபோது, "கையெல்லாம் எண்ணெய்ம்மா, அப்புறம்" என்று பின்வாங்கினார்.

கடைத்தெருவில் வாணி வளையல் பார்க்க உட்கார்ந்தாள். நாகையா பக்கத்துத் துணிக்கடையில் நுழைந்து கைக்குக் கிடைத்த ஒரு சேலையை எடுத்தார். பின்னாலேயே புஷ்பவல்லி வந்து நின்றார்.

"யாருக்கு தம்பி?"

"அக்காவுக்கும்மா."

"அக்காவுக்கா இந்த வெளிறிப்போன கலர்? வைங்க அதை." அவரே அலமாரி அலமாரியாக இறக்கச் சொன்னார். "எத்தனை வயசானாலும் பொறந்த வீட்டுச் சேலைன்னா பொம்பளைக்கு அது தனி. முந்தானையைப் பிரிச்சுக் காட்டுப்பா."

நாகையா நெருப்பின் மேல் நின்றார். சட்டைப்பைக்குள் போன் ஓயாமல் அதிர்ந்தது. புஷ்பவல்லி விரித்து, தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கடைசியில் அரக்கில் மஞ்சள் கரை போட்ட ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அக்காவுக்கு எடுப்பாக இருந்திருக்கும். வாணியின் வளையல் அதற்கப்புறமும் முடியவில்லை.

பந்திங் சாலையில் பறந்தார். ஜெஞ்சாரோம் வருவதற்குள்ளேயே எதிரே பூமாலை தொங்கும் வண்டி ஒன்று மெதுவாக வந்தது. பின்னால் கார்கள்.

புஷ்பவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாவு எதிர்ல வந்தா நல்ல சகுனம் தம்பி. இனிமே எல்லாம் நல்லபடியா முடியும்."

வண்டியின் முகப்பில் லோகேஸ்வரியின் படம் இருந்தது. நாகையா வேனை ஓரத்தில் நிறுத்தினார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேலைப் பையோடு சாலைக்கு நடுவே ஓடினார். டிரைவர் பக்கத்தில் இருந்த யுகேந்திரன் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"எத்தனை தடவ மாமா போன் அடிக்கிறது?" என்றான். கோபப்படக்கூட அவனிடம் தெம்பில்லை. "எல்லாரும் உங்களுக்காகத்தான் பார்த்தாங்க. நேரமாயிடுச்சு. கோடி இல்லாமயே மூடிட்டோம்."

பின்கதவைத் திறந்துவிட்டான். நாகையா சேலையைப் பிரித்து மூடிய பெட்டியின் மேல் போர்த்தினார். மஞ்சள் கரை சரியாக வரவில்லை. இழுத்துச் சரிசெய்தார். அக்கா முகம் இருக்கும் இடத்தில் வெறும் பலகைதான் கைக்குத் தட்டுப்பட்டது. "நேரமாச்சு மாமா" என்றான் யுகேந்திரன். வண்டி கிளம்பியது.

திரும்பி வந்தபோது புஷ்பவல்லி வேனை விட்டு இறங்கி வெயிலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"கோடின்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா தம்பி? நானும் ரெண்டு அண்ணன் தம்பிக்குக் கூடப்பொறந்தவதான். கடைக்குள்ள காலையே வச்சிருக்க மாட்டேனே. முகத்தையாவது பார்த்திருப்பீங்களே."

நாகையா கழற்றிப் போட்ட செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

"வண்டியைத் திருப்புங்க. அவங்க பின்னாடியே போவோம்" என்றார் புஷ்பவல்லி.